தணிகாசலத்துக்குக் கிடைத்த பதவி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அதன் கணினிக்குள் ஒரு அட்டவணை. வேலையாட்களின் பெயரில் அதில் ஆளுக்கொரு வரி; அந்த வரிகள் அக்கம்பக்கத்து வீட்டார்போலக் குடியிருந்தன.

செண்பகவல்லி வரிக்கும் மாகாளி வரிக்கும் நடுவே தணிகாசலம் வரி. மூவரும் பனியனில் ஓட்டை பார்க்கும் செக்கர்கள். ஒருநாள், எழுதியிருப்பதை மாற்றி எழுதும் அப்டேட் வந்து, செண்பகவல்லியின் பதவியை அழித்து 'சூப்பர்வைசர்' என்று எழுதிவிட்டுப் போனது.

தணிகாசலத்துக்கு வயிறு எரிந்தது. "நேத்து வரைக்கும் என்ற பக்கத்துல நின்னவ! அவளுக்கென்ன கொம்பா முளைச்சிருக்குது?"

மறுவாரம் அப்டேட் மறுபடி வந்தது. கூடவே எப்போதும்போல நிபந்தனை. யார் வீட்டில் எழுத வேண்டும் என்று கைகாட்டுவது அவன் வேலை. இந்தத் தடவை மாகாளி வீட்டைக் காட்டினான்.

அடுத்தவனுக்குமா? தணிகாசலம் ஓடிவந்து வழிமறித்தது.

"ஏனுங்ண்ணா, இத்தனை பெரிய ஆளு, இந்தப் பொடியன் காட்டற பக்கந்தான் போவீங்களா? சொந்தமா எழுதத் தெரியாதுங்களா?"

அப்டேட்டுக்கு ரோசம் வந்துவிட்டது. "ஏன் தெரியாது? டேய், நீ வெளியவே நில்லு!"

நிபந்தனை இல்லாத அப்டேட்டுக்கு வீடு அடையாளம் தெரியவில்லை. ஒரு வீடு விடாமல் 'சூப்பர்வைசர்' என்று எழுதித் தள்ளியது.

தணிகாசலம் தன் புதுப் பதவியைத் தடவிப் பார்த்துப் பூரித்தது. பிறகு தெருவைப் பார்த்தது. டிரைவர் சூப்பர்வைசர். சமையல்காரர் சூப்பர்வைசர். கேட்டில் நிற்கும் வாட்ச்மேனும் சூப்பர்வைசர். பூரிப்பெல்லாம் கசந்துபோனது.

வெளியே, கணினியைப் பார்த்துக்கொள்ளும் நஸ்ரின் தலையில் கைவைத்தாள். "அய்யோ, எல்லாருமே சூப்பர்வைசரா!" உடனே, செய்ததைத் திரும்ப எடுக்கும் ரோல்பேக்கை அனுப்பினாள்.

தணிகாசலம் அதை வாசலிலேயே பிடித்துக்கொண்டது. "எனக்குப் போனாப் போகட்டுமுங்க. ஒருத்தர்கிட்டயும் விடாதீங்க. முக்கியமா அந்தச் செண்பகவல்லிகிட்ட!"

"அவங்களது போன வாரமே கமிட் ஆகி உறுதியாயிருச்சுங்க. முத்திரை விழுந்ததை நான் தொடறதில்லை" என்றது ரோல்பேக். மற்ற வீடுகளில் எல்லாம் பழைய பதவியை வைத்துவிட்டுப் போனது.

நஸ்ரின் அப்டேட்டை மறுபடி அனுப்பினாள், நிபந்தனையின் கையைப் பிடிக்க வைத்து. அது நேராக மாகாளி வீட்டுக்குப் போய் எழுதியது. அதற்கும் கமிட் முத்திரை குத்தியாயிற்று.

இப்போது தணிகாசலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சூப்பர்வைசர், அந்தப் பக்கம் ஒரு சூப்பர்வைசர்.