நாட்டோசை யாருடையது

மலைநாட்டில் சுரங்கப்பாதை சரிந்த மறுநாள் காலை, 'நாட்டோசை' நாளிதழின் ஆசிரியர் பெருந்தேவன் அருள்நங்கை அம்மையின் மடத்துக்கு வந்தார். அம்மை வயதில் அவருக்கு இளையவர். என்றாலும் பெருந்தேவன் பல வருடங்களாக அம்மையைத்தான் குருவாக வரித்திருந்தார்.

அம்மை கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பெருந்தேவன் வணங்கிவிட்டு நின்றார். கேட்க வந்ததை நேராகக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பத்திரிகையின் பழைய கதையிலிருந்து ஆரம்பித்தார்.

ஜெபப் புத்தகம் அச்சடிக்கக் கொண்டுவந்த இயந்திரத்தில் ஒரு பாதிரியார்தான் நாட்டோசையை முதலில் வெளியிட்டார். அவருக்குப் பின் ஒரு தேயிலைத் தோட்ட முதலாளி வாங்கினார். கூலியைக் கூட்டிக் கேட்டவர்களை அது கலகக்காரர்கள் என்று எழுதியது. நாடு விடுதலை அடைந்ததும் ஆளுங்கட்சியின் கைக்கு வந்தது. பிறகு அரசாங்கமே எடுத்துக்கொண்டது. பஞ்சம் வந்தபோது காகிதம் வாங்க வழியில்லாமல் அரசாங்கம் அதை விற்றுவிட்டது. இப்போது மலையைக் குடைந்து பாதை போடும் கம்பெனிதான் அதற்கும் முதலாளி.

"எத்தனையோ கை மாறிவிட்டது. உண்மையில் நாட்டோசை யாருடையது அம்மா?"

அம்மை குடத்தைக் கீழே வைத்தார்.

"இன்றைய பேப்பர் இருக்கிறதா?"

பெருந்தேவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அம்மை முதல் பக்கத்தைப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வாருங்கள், ஒரு வீட்டுக்குப் போய் வரலாம்" என்றார்.

மலையடிவாரத்தில் சுரங்கத் தொழிலாளிகளின் குடியிருப்பு இருந்தது. அங்கே செங்கமலம் என்ற பெண்ணின் வீட்டு வாசலில் அம்மை நின்றார். அவள் கணவன் மாசாணத்துக்குச் சுரங்கத்தில்தான் வேலை. அம்மையைக் கண்டதும் ஓடிவந்து பாய் விரித்தாள். கூட வந்தவர் யார் என்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

நேற்று மலை சரிந்த சத்தம் கேட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடியதையும், காவலர்கள் விரட்டியடித்ததையும், தெருவே அழுதுகொண்டு கிடந்ததையும் அவள் சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது.

"காலையில் டீக்கடைக்காரர் வாசித்துக் காட்டினார் அம்மா. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். எல்லாரையும் பத்திரமாக வெளியே கொண்டுவருகிறார்களாம். பேப்பரிலேயே போட்டிருக்கிறது. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது."

அடுப்பில் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாசாணம் பசியோடு வருவான், வந்ததும் குளிக்க வேண்டும் என்று வெந்நீரும் வைத்திருந்தாள். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள்.

பெருந்தேவனால் டம்ளரை வாயருகே கொண்டுபோக முடியவில்லை. நேற்று மாலையே நிருபர் சுரங்கத்திலிருந்து வந்து, இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அவரிடம் சொல்லியிருந்தார். மாசாணம் பெயரும் அதில் இருந்தது. சற்று நேரத்தில் கம்பெனியிலிருந்து தொலைபேசி வந்தது. 'உயிர்ச்சேதம் இல்லை' என்ற தலைப்பை அவரே தம் கையால் எழுதினார்.

இருவரும் விடைபெற்றுக்கொண்டு கிளம்பினார்கள். குடியிருப்பைத் தாண்டியதும் பெருந்தேவன் நின்றுவிட்டார்.

"அது என் பேச்சு இல்லை அம்மா. முதலாளி சொன்னதைப் போட்டேன்."

"முதலாளி பெயரை அவள் சொன்னாளா?"

"இல்லை. பேப்பரில் போட்டிருக்கிறது என்றுதான் சொன்னாள்."

அம்மை மேலே நடந்தார். பெருந்தேவன் பின்னாலேயே வந்தார். கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைய பேப்பரில் மாசாணம் உட்பட, இறந்த எல்லார் பெயர்களையும் போட்டுவிடுகிறேன். என் வேலை போனாலும் போகட்டும்."

அம்மை திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக் காலை வரை அந்த வீட்டில் மாசாணம் உயிரோடு இருக்கட்டும் என்கிறீர்களா?"

பெருந்தேவன் செங்கமலத்தின் வீட்டை நோக்கித் திரும்பி நடந்தார்.