டயருக்குக் குளிருது

உறைபனி விழும் ஜனவரியில் இரண்டு புது டயரை வாங்கி, ராத்திரி முழுக்கக் கார் கேரியரிலேயே கட்டிப்போட்ட புத்திசாலி ஊட்டியில் நான் ஒருவன்தான். காலையில் அவை கல்லாக இருந்தன. பழைய முன் டயர்களிலோ கம்பி தெரிந்துவிட்டது. பத்து மணிக்குக் குன்னூர் ஆஸ்பத்திரியிலிருந்து சுகந்தியையும், எங்களுக்குப் பிறந்த முதல் குழந்தையையும் கூட்டிவர வேண்டும். குழந்தையைப் போர்த்த வாங்கிய மஞ்சள் கம்பளி பின்சீட்டில் இருந்தது. அங்கே மாமியார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்ற பயமும் கூடவே வந்தது.

காரை மெதுவாக உருட்டி உருட்டி டயர் கடை ஞானசிகாமணி அண்ணனிடம் வந்து சேர்ந்தேன். அவர் புது டயரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"குளிர் விடாம மாட்டமாட்டேன் தம்பி. இப்ப நெம்புனா ஓரம் பிளந்துரும். மலைப் பாதையில பச்சப் புள்ளையோட வரணும் நீ."

நெருப்பில் காட்டலாமே என்றேன். மேலே வெந்துபோகும், உள்ளே ஐஸாகவே இருக்கும் என்றார். வெந்நீரும் கூடாதாம். அறைச் சூட்டில் கிடந்து தானாக இளக வேண்டுமாம். நான் வெளியே போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு வருவதற்குள், டயர்களை உள்ளறைக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்தார். பக்கத்து டீக்கடை மொய்து கிளாஸோடு வந்து உட்கார்ந்தார். அண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

"லடாக்ல நான் பட்டாளத்து வண்டி பார்த்தப்ப, ஒருத்தன் அவசரப்பட்டுக் குளிர் டயரை எடுத்தான். நெம்புற லிவர் பட்டதுதான், அப்பளம் மாதிரி நொறுங்கிருச்சு. கூட்டி அள்ளினோம்."

"வெயில் கொளுத்துற மேட்டுப்பாளையத்துக்கே ஸ்வெட்டர் போட்டுட்டுப் போற ஆளு," என்றார் மொய்து என்னிடம்.

அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. அங்கே பம்பில் இருந்து வரும் காற்றே உறைந்து கட்டியாக விழுமாம். இவர் அதைச் சுத்தியலால் உடைத்து, மாவாக அரைத்து, டயருக்குள் கரண்டியால் போடுவாராம். வண்டி ஓட ஓட மாவு இளகித் திரும்பக் காற்றாகிவிடுமாம்.

மாவைச் சலிக்கவில்லையா என்று மொய்து கேட்டார்.

"சலிக்காம விட்டா வண்டி குலுங்காதா?" என்றார் அண்ணன், கொஞ்சம்கூடச் சிரிக்காமல்.

மணி பத்தைத் தாண்டிவிட்டது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அவரோ லடாக் மேஜரின் ஜீப் கதைக்குப் போய்விட்டார்.

"அந்த டயரைக் குளிர் விட ஒரு வாரம் என் கட்டில்லயே படுக்க வெச்சேன். நான் தரையில. மாட்டின அன்னைக்கு ஜீப்பு வாசல் வரைக்கும் போச்சு, பனியைப் பார்த்துச்சு, தானா ரிவர்ஸ்ல வந்து ஷெட்டுக்குள்ள நின்னுருச்சு. மேஜர் மிரட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில டயருக்கு மட்டும் மெட்ராஸுக்கு மாத்தல் போட்டார்."

மொய்து கிளாஸைக் கீழே வைத்தார். "பஸ்ஸுக்குக் காசு யார் குடுத்தா?"

"எதுக்கு பஸ்ஸு? அது உருண்டே போச்சு."

ஒருவழியாகப் பதினொன்றரைக்கு டயரை அழுத்திப் பார்த்து, இளகிவிட்டது என்றார். தூக்கினார். அடியில் என் மஞ்சள் கம்பளி விரித்துக் கிடந்தது.

"சிமெண்ட் தரை சில்லுன்னு இருந்துச்சு தம்பி. சாக்கெல்லாம் ஈரம். டயருக்குக் குளிருமில்ல?"

அவரோடு சண்டை போட நேரமில்லை. ஆனால் டயரை ஒரு கீறல் இல்லாமல் பூப்போல மாட்டிக் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும். குன்னூர் வளைவுகளில் வண்டி வழுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் மாமியார் கம்பளியை விரித்தார். நடுவில் வட்டமாகக் கறுப்புத் தடம். மோந்து பார்த்துவிட்டு, என்ன இது என்று கேட்டார். நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல் நடந்ததைச் சொன்னேன்.

"டயருக்குக் குளிரும்னு ஞானசிகாமணி அண்ணன் அடியில விரிச்சுட்டார் அத்தை. அதான் லேட்டு."

சுகந்தி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாமியார் தன் சேலைத் தலைப்பிலேயே குழந்தையைச் சுற்றி எடுத்துக்கொண்டார்.

"ஞானசிகாமணியை எனக்கும் தெரியும் மாப்பிள்ளை. இவ்வளவு பெரிய புளுகு அவர் வாயிலகூட வராது."