அங்காத்தாளின் கொங்காணி

ஒரே ஓர் ஊரில் ஒரே ஓர் அங்காத்தாள் இருந்தாள். ம் கொட்டிக்கொண்டே கேள், கண்ணு. உன் ம் நின்றால் கதையும் நின்றுவிடும்.

அவளுக்கு ஓர் அக்காள், பொன்னாத்தாள். இருவரையும் வெவ்வேறு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். அப்புறம் ஒரு கல்யாணத்தில், தாம்பூலத்தை யாருக்கு முதலில் நீட்டுவது என்று இருவரின் புகுந்த வீட்டாருக்கும் சண்டை மூண்டது. போக்குவரத்து அற்றுப்போயிற்று. அக்காளின் முகத்தைப் பார்த்துப் பல வருடமாயிற்று. ம்?

அப்போது வளையல்காரர் ஒருவர் சேதி கொண்டுவந்தார். பங்குனி உத்திரத்துக்கு அக்காள் பழனிக்கு நடந்து வருகிறாளாம். சண்முக நதிக் கரையில் தங்கையைத் தேடுவாளாம். அங்காத்தாளும் பழனிக்குக் கிளம்பினாள். சாமிக்கு நடப்பவளை யார் தடுப்பார்?

மாமியார் தடுத்தாள். "பங்குனியில கோடை மழை கொட்டும். போன மழைக்கே நெஞ்சுச் சளியில கெடந்தே. நனையாமப் போறதுன்னாப் போ, அம்மிணி."

சொன்னதோடு விட்டாளா? மருமகளை வாசலில் நிறுத்தி, கல்மேல் ஏறி, குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பார்த்தாள். முதலில் தாழங்குடை. சளசள! தலை தப்பியது, முதுகு நனைந்தது. அப்புறம் முதுகை மூடும் பனையோலைக் கூடு. சரசர! நனையவில்லை, ஆனால் கூட்டத்தில் பக்கத்தில் வருபவர் கண்ணைக் குத்தும் என்று மாமியாரே கழற்றினாள். அப்புறம் கொங்காணி. கோணிச்சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் மடித்தால் தலையிலிருந்து முழங்கால் வரை தொங்கும், அதுதான். குடம் காலியாயிற்று, உள்ளே கைவிட்டுப் பார்த்தால் சேலை காய்ந்தபடி இருந்தது. சாமி கும்பிடப் போகிறவளுக்கு வீட்டிலேயே அபிஷேகம் முடிந்தது என்று புருஷன் சிரித்தான்.

அப்புறம் நடந்தாள், நடந்தாள். நதிக்கரையை அடைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. சோ... சோ... அங்காத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். கரை முழுவதும் கொங்காணி! எல்லோரும் நெற்றி வரை மூடிக் குனிந்து நடந்தார்கள். யார் பொன்னாத்தாள்?

ஒரு கொங்காணிக்குள் எட்டிப் பார்த்தாள். "எம் மூஞ்சியில என்ன புள்ள எழுதியிருக்குது?" என்றாள் ஒருத்தி. இன்னொன்றுக்குள் பொக்கை வாய்க் கிழவி. மூன்றாவதற்குள் மீசை இருந்தது. தூங்கிவிட்டாயா? ம்.

அப்போதுதான் நினைத்தாள்: அக்காளும் என்னைத் தேடுவாளே, எந்த முகத்தைக் கண்டு நிற்பாள்? மாமியாரின் சொல்லும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் கொங்காணியைக் கழற்றினாள். மழை கண்ணில் இறங்கியது. துடைக்காமல் நின்றாள். கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

வெகுநேரம் கழித்து ஒரு சாக்கு நின்றது. மெல்ல விலகியது. உள்ளே நரைத்த தலை, அதே நெற்றி. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நனைந்தார்கள். "பொன்னாத்தா, வா" என்று அவள் ஊரார் கூப்பிட்டார்கள். சாக்குகளோடு சாக்காக அக்காள் போய்விட்டாள்.

அங்காத்தாள் இருமிக்கொண்டே வீடு சேர்ந்தாள். மாமியார் திட்டவில்லை. மிளகுக் கஷாயத்தை அடுப்பில் ஏற்றினாள்.

"அக்காளப் பாத்தியா?"

"பாத்தேனுங்க அத்தை."

"எப்படி இருக்கறாளாம்?"

"கேக்கலீங்க. பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

இவ்வளவுதான், கண்ணு. கதை படுத்துவிட்டது; நீயும் படு.