மரு வைத்த பணம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குக் காசு கனக்கிறது என்று தோன்றிவிட்டது. அவர் ஒரு நாளும் காசு மூட்டை சுமந்தவரில்லை. சுமந்தவர்கள் யாரும் கனக்கிறது என்று சொன்னதுமில்லை. சொன்னால் வேலை போய்விடும். ஆனாலும் ராஜாவுக்குத் தோன்றினால் தோன்றியதுதான். செம்புக் காசு, வெள்ளிக் காசு எல்லாவற்றையும் கஜானாவுக்குள் வாரிப் போட்டுவிட்டு, இனி நாட்டில் காகிதப் பணம் ஓடட்டும் என்று உத்தரவு போட்டார்.

தாள் அடிக்கும் பொறுப்பு பொக்கிஷ அதிகாரி கனகசபாபதிக்குப் போனது. ஒரு பணம், ஐந்து பணம், பத்துப் பணம் என்று மூன்று தாள்கள். மூன்றிலும் ராஜாவின் முகம். "சின்னப் பணத்துக்குச் சின்னத் தாள் போட்டால் மன்னரும் அதில் சின்னதாகத் தெரிவாரே!" என்று சபையில் ஒருவர் உருகினார். அதனால் மூன்றும் ஒரே நீளம், ஒரே அகலம். ஓரத்தில் பொற்பொடி, மூலையில் மயில், பின்பக்கம் எறும்புக் கால் போன்ற எழுத்தில் ராஜாவைப் புகழ்ந்து ஒரு பாட்டு. காகிதம் வெங்காயச் சருகு மாதிரி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூட்டை தூக்குகிறவன் கையில் வாங்கினால் மட்டும் வேர்வையில் மன்னரின் கன்னம் கரைந்து அவன் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. வேர்க்காத கைகளுக்கென்றே செய்த பணம்.

கள்ளப் பணம் வர அதிக நாள் ஆகவில்லை. கனகசபாபதி மயிலுக்கு இன்னொரு தோகை வரையச் சொன்னார். கள்ளத் தாளில் இருந்த மயிலுக்கும் அடுத்த வாரமே அந்தத் தோகை முளைத்தது. பாட்டில் இரண்டு அடி கூட்டினார். அரசாங்கத் தாளில் இருந்த எழுத்துப் பிழை கள்ளத் தாளில் திருத்தியே வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ராஜாவின் முகத்தில் மூன்று மருக்கள் இருந்தன. மூக்கின் மேல் இருப்பது வாலிபத்தில் வந்தது. பட்டம் கட்டிய வருஷம் கன்னத்தில் ஒன்று வந்தது. நரை விழுந்த பிறகு மோவாயில் ஒன்று. பணத்தாளிலோ அவர் முகம் உரித்த முட்டை. 'மரு' என்ற சொல்லைச் சொன்னால் நாக்கு போகும், வரைந்தால் தலை போகும் என்பது சட்டம். சந்தையில் மருக்கொழுந்து விற்ற பெண்கள் "வாசக்கொழுந்து, வாசக்கொழுந்து" என்று கூவினார்கள். மருமகளைத் திட்டுகிற மாமியார்கள் கூட யோசித்துத்தான் திட்டினார்கள்.

ராஜாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட மாசானம் என்று கண் தெரியாத ஒருவரை வைத்திருந்தார்கள். முகத்தைப் பார்க்க முடியாதவர் வெளியே போய் எதையும் சொல்ல மாட்டார் என்பது சபையின் யோசனை. எண்ணெய் தேய்ப்பது கண்ணால் அல்ல, கையால் என்பது சபைக்கு எட்டவில்லை.

அந்தச் சபையில் விகடகவியாக இருந்தவன் குப்பாண்டி. ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அதற்கு முன்னால் உப்பளத்தில் மூட்டை சுமந்தவன். "ரெண்டு இடத்துலயும் முதுகுத் தோல் உரியத்தான் செய்யுது. இங்க நிழல் இருக்கு, அம்புட்டுதான் வித்தியாசம்" என்பான்.

ஒரு நாள் காலையில் அவன் மடைப்பள்ளிப் பக்கம் கஞ்சி குடிக்கப் போனபோது, இரண்டு காவலர்கள் மாசானத்தின் கைகளைக் கயிற்றால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி இது?" என்று ஓடினான் குப்பாண்டி.

"யாரு, குப்பாண்டியா? சம்பளத் தாளைக் குடுத்து அரிசி கேட்டேன்லே. கள்ளப் பணம்னு கடைக்காரன் கத்திட்டான்."

"கஜானாவுல குடுத்த தாள்தான?"

"அதைத்தான் சொன்னேன். கஜானாவுல கள்ளப் பணம் எப்படிடா வரும்னு கன்னத்துல ரெண்டு விட்டாங்க. போன மாசம் பத்துன்னு குடுத்தது ஒண்ணாப் போச்சு. அதுக்கு முந்துன மாசமும் அப்படித்தான். அப்பல்லாம் கடைக்காரன் சிரிச்சான். இப்ப கத்துறான்."

"இப்ப என்ன செய்வாங்களாம்?"

"கள்ளத் தாள் வச்சிருந்தா கையை வெட்டணும்னு சட்டமாமே. ரெண்டையும்." மாசானத்தின் குரல் இறங்கியது. "ஏலே, எனக்குக் கண்ணும் இதுதானலே."

குப்பாண்டி கஞ்சியை மறந்து நேரே சபைக்கு நடந்தான்.

சபையில் ராஜா எரிச்சலோடு உட்கார்ந்திருந்தார். அன்று எண்ணெய்க் குளியல் நடக்கவில்லை. குப்பாண்டி போய் வணங்கி நின்றான்.

"மகாராஜா, மாசானம் கண் தெரியாதவர். நல்ல தாள் எது, கள்ளத் தாள் எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பத்துக்கும் ஒன்றுக்குமே தடவிப் பார்த்தால் வித்தியாசம் இல்லையே!"

கனகசபாபதி எழுந்தார். சிரித்த முகம், சந்தனப் பூச்சு. "மன்னா, சட்டம் எல்லோருக்கும் ஒன்று. பணம் என்பது பார்த்து வாங்க வேண்டிய பொருள். பார்க்க முடியாதவர்கள், பார்க்கிறவர்களை நம்பித்தான் வாங்க வேண்டும்."

"நம்பி வாங்கினவரைத்தானே கட்டிப் போட்டிருக்கிறீர்கள், ஐயா" என்றான் குப்பாண்டி.

ராஜாவின் உதடு லேசாக அசைந்தது. குப்பாண்டியின் பேச்சுக்கு மன்னர் உதடு அசையும்போதெல்லாம் கனகசபாபதிக்கு வயிறு எரியும். இன்று கூடுதலாகவே எரிந்தது.

"மன்னா! இவனுக்கு இத்தனை அக்கறை இருந்தால் இவனே ஒரு தாள் செய்யட்டும். கள்ளனால் போட முடியாத தாள். கண் தெரியாதவனும் தொட்டவுடன் சொல்லக்கூடிய தாள். ஒரு மாதம் தவணை. முடியாவிட்டால் அந்த மாசானத்தின் கைகளோடு இவன் கைகளையும் சேர்த்து எடுத்துவிடலாம்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. யாருடைய கையாவது போகப் போகிறது என்றால் சபை கலகலப்பாக இருக்கும். "நல்ல யோசனை. ஆனால் தாளில் என் முகம் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். போன திருவிழாவில் ஒருத்தி பணத்தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'இது யாரு, உங்க மகனா?' என்று கேட்டாள். ஓவியன் சரியில்லை."

குப்பாண்டி மெதுவாக நிமிர்ந்தான். "உள்ளது உள்ளபடியா, மகாராஜா?"

"ஆம்."

"கூட்டாமல், குறைக்காமல்?"

"ஒரு தரம் சொன்னால் விளங்காதா உனக்கு?"

"விளங்கிவிட்டது, மகாராஜா. சபையோர் காதிலும் விழட்டும் என்றுதான்."

கனகசபாபதிக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். மருவை வரைந்தால் இவன் தலை போகும். வரையாவிட்டால் உள்ளபடி வரையவில்லை என்று கை போகும். அவர் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார். "சோதனையை நான்தான் வைப்பேன். முதலில் மாதிரித் தாள் என் வீட்டுக்கு வர வேண்டும். அதைப் பார்த்து நானே கள்ளத் தாள் செய்து கலந்து தருவேன். அந்த மாசானம் பிரித்துக் காட்டட்டும்."

"தாராளமாக, ஐயா. நல்ல வேலைக்காரர்களாகப் பார்த்துக் கொடுங்கள்" என்றான் குப்பாண்டி. வெளியே வந்ததும் அவன் தன் இரண்டு கைகளையும் ஒரு முறை பார்த்துக்கொண்டான்.

உப்பளத்துக்குப் போய் கிழிந்த சாக்கும் நைந்த வேட்டியும் சேகரித்தான். ஊற வைத்து, உரலில் இடித்து, கூழாக்கி, தாளாக ஊற்றினான். புளியங்கொட்டைப் பசை பூசிக் காய வைத்தான். பழைய கூட்டாளிகளின் இடுப்பில் ஆளுக்கொன்றாகச் செருகி ஒரு பகல் முழுக்க மூட்டை தூக்க விட்டான். தாள் நனைந்தது, நாறியது, கிழியவில்லை.

அரண்மனை ஓவியன் பழைய தாளில் இருந்த மயிலையும் பொற்பொடியையும் பாட்டையும் போட்டுவிட்டு, முகத்தை அப்படியே வரைந்தான். மூக்கு நுனிக்கு வந்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டான். "எனக்கு மூணு பொண்ணு இருக்கு, குப்பாண்டி" என்றான்.

"சரி, நீ போ. எனக்கு ஒருத்தரும் இல்லை" என்று குப்பாண்டியே உட்கார்ந்தான். தாளைத் திரும்ப ஈரமாக்கி, பின்பக்கம் ஒரு துவரையை வைத்து அழுத்தி, முன்பக்கம் புடைக்க வைத்தான். ஒரு பணத்தில் மூக்கில் மட்டும். ஐந்தில் மூக்கிலும் கன்னத்திலும். பத்தில் மூன்றும். காய்ந்ததும் கல் போல இறுகிவிட்டது. பிறகு மாதிரித் தாள்களையும், கூடவே ஒரு கட்டு வெற்றுத் தாளையும் கனகசபாபதி வீட்டுக்கு அனுப்பி வைத்தான்.

சோதனை நாளில் சபை நிரம்பி வழிந்தது. மாசானத்தைச் சிறையிலிருந்து கூட்டி வந்து, கைக்கட்டை அவிழ்த்து உட்கார வைத்தார்கள். பக்கத்திலேயே கத்தியோடு ஒருவன் நின்றான். கனகசபாபதி ஒரு பையை நீட்டினார். நல்லதும் கள்ளமும் கலந்த பை. தன் தாள்களின் பின்பக்கம் அடையாளத்துக்கு மைப் புள்ளி வைத்திருந்தார்.

மாசானம் ஒரு தாளை எடுத்தார். கட்டைவிரல் நெற்றியில் இறங்கி மூக்குக்கு வந்தது. நின்றது. அவர் முகத்தில் திகைப்பு. அப்புறம் சிரிப்பை அடக்குகிற ஒரு இழுப்பு.

"ஏலே குப்பாண்டி, இது..."

"பேசாதீங்க அண்ணாச்சி. பிரிங்க, போதும்."

அரிசியில் கல் பொறுக்குகிற வேகத்தில் அவர் பிரித்தார். வலப்பக்கம் ஒன்று, ஐந்து, பத்து என்று மூன்று குவியல். இடப்பக்கம் ஒரே குவியல். கனகசபாபதி புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மைப் புள்ளி எல்லாம் இடப்பக்கமே இருந்தது.

"எப்படிச் சொன்னாய்?" என்றார் ராஜா.

"தெனமும் எண்ணெய் தேய்க்கிற முகமில்லையா, மகாராசா? இந்தப் பக்கம் இருக்குறது நீங்க. அந்தப் பக்கம் இருக்குறது யாரோ."

ராஜா ஒரு தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். குப்பாண்டியின் கழுத்தில் வேர்வை இறங்கியது.

கனகசபாபதி துள்ளி எழுந்தார். "ராஜத் துரோகம்! மரு! மன்னர் முகத்தில் மரு வைத்திருக்கிறான்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

"அந்தச் சொல் என் வாயில் வரவில்லை, மகாராஜா" என்றான் குப்பாண்டி. "உள்ளது உள்ளபடி என்றீர்கள். வைத்தேன். ஐயா அவர்களே, மன்னர் முகத்தில் அப்படி ஒன்று இல்லை என்கிறீர்களா?"

"இல்லை! இல்லவே இல்லை!"

"அப்படியானால் நான் வைத்தது வேறு யார் முகத்திலோ. அதில் துரோகம் ஏது? ஒருவேளை, இருக்கிறது என்கிறீர்களா?"

கனகசபாபதி ராஜாவின் மூக்கைப் பார்த்தார். சட்டென்று விட்டத்தைப் பார்த்தார்.

"இருக்கிறதா, இல்லையா?" ராஜாவே கேட்டார்.

"மன்னர்... எப்படி விரும்புகிறாரோ அப்படி."

ராஜா இடப்பக்கக் குவியலிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இதுவும் அருமையாக இருக்கிறது. மயில், பொற்பொடி, பாட்டு, எல்லாம் அச்சு அசல். முகம் மட்டும் வழவழ. எத்தனை நாளில் செய்தீர்?"

அந்தப் புகழ்ச்சியில் கனகசபாபதிக்கு உயிர் திரும்பி வந்தது. "இரண்டே நாள், மன்னா! மற்றதை எல்லாம் அப்படியே போடச் சொன்னேன். அதை மட்டும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம் வீட்டு ஆட்கள் கெட்டிக்காரர்கள்!"

"என் அச்சுக்கூடத்துக்கு ஒரு தாள் செய்ய அரை வருஷம் ஆனது. உம் வீட்டில் இரண்டு நாளில் முடிகிறது. ஆட்களும் அச்சும் முன்பே தயாரோ?"

கனகசபாபதியின் சந்தனப் பூச்சு நனைந்து வழிந்தது.

"எழுத்துப் பிழை திருத்தக்கூட ஆள் வைத்திருக்கிறார் போல, மகாராஜா" என்றான் குப்பாண்டி.

வீரர்கள் அவர் வீட்டுக்குப் போனார்கள். திரும்பி வரும்போது இரண்டு வண்டி நிறைய அச்சும் தாளும் வந்தன. கனகசபாபதி வேறு வழியாக அனுப்பப்பட்டார். கத்தி வைத்திருந்தவனும் அவர் பின்னாலேயே போனான். மாசானம் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

ராஜாவின் முகம் இன்னும் இறுக்கமாகவே இருந்தது. "மூன்று தாளில் மூன்று விதமாக ஏன் வைத்தாய்?"

"ஒரு பணத்தில் வாலிப இளவரசர், மகாராஜா. ஐந்தில் பட்டம் கட்டிய புது ராஜா. பத்தில் இன்றைய மகாராஜா. உப்பளத்தில் வயசாக ஆகக் கூலியைக் குறைப்பார்கள். இந்த நாட்டிலேயே வயசாக ஆக விலை ஏறுகிற முகம் ஒன்றுதான்."

ராஜாவின் கை தானாக மோவாய்க்குப் போனது. "கள்ளன் இதையும் வைத்துப் போட்டால்?"

"வெளியே இருக்கிற கள்ளன் என்றாவது வைப்பான். ஆனால் கள்ளப் பணத்துக்குக் கை, இதை வைத்தால் தலை. சட்டம் உங்களுடையது, நான் தொடவில்லை. அரண்மனைக்குள் இருக்கிற கள்ளனோ சாகும்வரை வைக்க மாட்டான். அவனுக்கு உங்கள் முகம் என்றைக்கும் உரித்த முட்டைதான். எனக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள், மகாராஜா. கள்ளத் தாளை அடித்தவன் கையைத் தேடுங்கள். வாங்கி ஏமாந்தவன் கையை விட்டுவிடுங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. "முதலில் மாசானத்துக்குக் கொடுக்காமல் விட்ட சம்பளத்தை எல்லாம் இங்கேயே எண்ணிக் கொடுங்கள். பத்துப் பணத் தாளாக."

கஜானா குமாஸ்தா ஓடி வந்தான். கனகசபாபதியிடம் பல வருஷம் வேலை பார்த்தவன். கைக்குப் பழக்கம் போகவில்லை. சபை நடுவில், ராஜா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வலப்பக்கக் குவியல்களிலிருந்து தாள் எடுத்து, "பத்து, இன்னொரு பத்து" என்று எண்ணி மாசானத்தின் கையில் வைத்தான்.

மாசானம் மேலே இருந்த தாளைத் தடவினார். அடுத்ததைத் தடவினார். எல்லாவற்றையும் அவனிடமே திருப்பி நீட்டினார்.

"ஐயா, இது எளவட்ட ராசா. இவரை வச்சுக்கிட்டு நான் ஒரு வேளைக்குக்கூட அரிசி வாங்க முடியாது. எனக்கு அந்தக் கெழட்டு ராசாவைக் குடுங்க."

சிரிக்கலாமா கூடாதா என்று அத்தனை பேரும் ராஜாவின் வாயையே பார்த்தார்கள்.

அவர் மோவாயிலிருந்த மரு முதலில் ஆடியது. பிறகு வயிறு குலுங்கியது. ராஜா சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொடுடா, கிழவனையே கொடு!" என்று குமாஸ்தாவை விரட்டினார். "குப்பாண்டிக்கும் ஒரு பை நிறையக் கிழவன். நீ எண்ணாதே. மாசானம் எண்ணட்டும்."