பெயர் கேட்க வந்த பரிசல்காரர்

"அந்தப் பேரை நான் எதுக்கும்மா சொல்லணும்?" என்று கேட்டார் உடையப்பர்.

மங்கையம்மை சமையற்கட்டில் உட்கார்ந்து, எரியாத அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது மலைமேல் இருந்த ஒரு வைத்திய மடம். மங்கையம்மை அதன் குரு. உடையப்பர் அவருடைய சீடர். ஆனால் வயதில் மூத்தவர். ஒரு காலத்தில் இருவரும் பழைய குருவிடம் ஒன்றாகப் படித்தவர்கள். அதனால் குரு சீடரை அண்ணே என்பார். சீடர் குருவை அம்மா என்பார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு.

நோயாளி இறந்துபோனால், யார் கையில் இறந்தாரோ அந்த வைத்தியர் வாசலுக்குப் போக வேண்டும். இறந்தவரின் உறவுக்காரர் முன்னால் நின்று, இறந்தவரின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. காரணம் சொல்லக் கூடாது. பெயர் மட்டும்.

பெயரைச் சொல்லும்வரை மடத்தில் அடுப்பு மூட்டக் கூடாது.

சின்ன வழக்கம்தான். ஆனால் பேர்போன வைத்தியர்கள் அந்த வாசலில் நாக்கு எழாமல் நின்றிருக்கிறார்கள். எந்த அரசனும் தன் அரண்மனைக்கு இப்படி ஒரு வாசல் வைத்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

அன்று காலையில் ஒருவர் வாசலில் வந்து உட்கார்ந்தார். அடிவாரத்து ஆற்றில் பரிசல் ஓட்டுகிற மாதையன்.

மகள் இறந்துவிட்டாள் என்றார். மடத்துத் தேர்வில் தவறிய அன்று வீடு திரும்பவில்லை, தானாகவே போய்விட்டாள் என்றார். இங்கே செத்தவர்களின் பெயரைச் சொல்வார்களாமே, கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார்.

"அந்தப் பொண்ணு நம்ம நோயாளி இல்லையே," என்றார் உடையப்பர். "இந்த வாசப்படியைக்கூடத் தாண்டி வந்ததில்லை."

"தாண்ட விடாதது யாரு?"

"தேர்வு."

"அப்ப தேர்வையே போய்ச் சொல்லச் சொல்லுங்க," என்றார் மங்கையம்மை.

உடையப்பருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது.

பழைய குருவின் காலத்தில் மடத்தில் சேரச் சிபாரிசு வேண்டும். பண்ணையார் சொல்லி அனுப்பினால் இடம் உண்டு. கோயில் தர்மகர்த்தா சொல்லி அனுப்பினால் நல்ல இடம் உண்டு. உடையப்பரின் அப்பா செருப்புத் தைக்கிறவர். மகனுக்காகச் சொல்ல ஆள் இல்லை. உடையப்பர் வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் வாசலிலேயே கிடந்தார். கடைசியில் குரு உள்ளே கூப்பிட்டார். இரக்கப்பட்டு அல்ல. வருகிற பெரிய மனிதர்கள் இவரைத் தாண்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது, அது பார்க்க நன்றாக இல்லை.

அதை உடையப்பர் மறக்கவில்லை. மறக்கக்கூடியதும் அல்ல.

மங்கையம்மை குருவானதும் உடையப்பர் முதலில் கேட்டது ஒன்றுதான். இனி யாரும் யாருடைய பெயரையும் சொல்லிக்கொண்டு உள்ளே வரக் கூடாது. எல்லாருக்கும் ஒரே கேள்வி. முகம் தெரியக் கூடாது, ஊர் தெரியக் கூடாது, அப்பன் யார் என்று தெரியக் கூடாது.

மங்கையம்மை சரி என்றார்.

உடையப்பர் கறுப்புத் திரை ஒன்றைக் கட்டினார். திரையில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. துளைக்கு இந்தப் பக்கம் நான்கு பானைகள். கேள்வியையும் நான்கு பதில்களையும் உடையப்பர் வரிசையாகச் சொல்வார். அந்தப் பக்கம் நிற்பவர் கையை நீட்டி, சரியான பதிலுக்கு உரிய பானையில் ஒரு குன்றிமணியைப் போட வேண்டும். தப்பான பானையில் போட்டால், முன்பு ஜெயித்த மணிகளில் ஒன்று போய்விடும்.

முதல் வருடம் செருப்புத் தைக்கிறவர் மகன் ஒருவன் உள்ளே வந்தான். யாரும் அவனுக்காகச் சொல்லி அனுப்பவில்லை. உடையப்பர் அன்று திரைக்குப் பின்னால் போய் அழுதார்.

பிறகு அடிவாரத்தில் கொட்டகைகள் முளைத்தன.

கொட்டகைகளில் வைத்தியம் சொல்லித்தரவில்லை. பானை சொல்லித்தந்தார்கள். கேள்வியின் முதல் சொல் காதில் விழும்போதே கை எந்தப் பானைக்குப் போக வேண்டும் என்று பழக்கினார்கள். கொட்டகையில் படிக்கக் காசு கட்ட வேண்டும். பண்ணையார் வீட்டுப் பிள்ளைகள் நல்ல கொட்டகையில் தங்கிப் படித்தார்கள். பிறகு திரைக்குப் பின்னாலிருந்து கையை நீட்டினார்கள். யார் சிபாரிசும் இல்லாமல் சொந்தத் திறமையில் வந்தோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள்.

செருப்புத் தைக்கிறவர் மகன்கள் மறுபடி வரவில்லை.

திரை கறுப்பாக இருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவன் கதிரேசன். அவன் வந்த வருடம் அவனுக்குத்தான் அதிக மணி. ஒரு நாள் ஒரு கிழவர் அவன் முன்னால் வந்து உட்கார்ந்தார். வலி தலையிலா, நெஞ்சிலா, வயிற்றிலா, காலிலா என்று கேட்டான். கிழவர் யோசித்துவிட்டு, மகன் பேச்சை நிறுத்திட்டான் தம்பி, என்றார். கதிரேசன் அவரை விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். தப்பாகச் சொன்னால் ஒரு மணி போய்விடுமே.

மடத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மங்கையம்மை சிரிக்கவில்லை.

இப்போது அந்தக் கதிரேசன்தான் சமையற்கட்டுக்கு ஓடிவந்தான். நோயாளிகள் கஞ்சி கேட்கிறார்கள் என்றான். காய்ச்சல்காரர் இருவருக்குக் கஷாயம் வைத்தாக வேண்டும் என்றான். வெளியில் தேர்வுக்கு வந்தவர்களின் வரிசை மலைப்பாதை வரைக்கும் நிற்கிறது என்றான்.

தை மாதம் முழுக்கத் தேர்வு நடக்கும். மாதையன் அந்த வரிசைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வரிசையில் நின்ற ஒரு தகப்பன் அவரையும் தேர்வுக்கு வந்தவர் என்று நினைத்துக்கொண்டு, உங்க பிள்ளைக்கு எப்படி என்று விசாரித்திருக்கிறார். ஒரு மணி குறைஞ்சுபோச்சு என்றாராம் மாதையன். அதுக்கென்ன, அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்று அவர் தேற்றினாராம்.

"நான் யாருக்கும் துரோகம் செய்யலைம்மா," என்றார் உடையப்பர். "சாதியைக் கேட்டேனா? முகத்தைப் பாத்தேனா? கையை மட்டும்தான் பாத்தேன்."

"தெரியும்."

"எனக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவும் செஞ்சேன்."

"அதுவும் தெரியும். அண்ணே, அன்னிக்கு வாசல்ல கிடந்த உங்களைப் பழைய குரு என்ன சொல்லிக் கூப்பிட்டார்?"

உடையப்பருக்கு இத்தனை வருடம் கழித்தும் காது சிவந்தது.

"அடேய் உடையப்பா, உள்ள வந்து தொலைன்னார்."

"பாருங்க. அந்தப் பாவிக்கு உங்க பேர் தெரிஞ்சிருக்கு."

அடுப்பில் பூனை ஏறிப் படுத்தது. சாம்பல் குளிர்ந்திருந்தது.

"சரி, சொல்லிடறேன்," என்றார் உடையப்பர். "என்ன பேர்?"

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்குமா?"

"திரை கட்டறப்போ சரின்னு தலையாட்டினவ நான்தானே. அதனால காலையில முதல்ல நான்தான் அவர் முன்னால போய் நின்னேன். வாயைத் திறந்தேன். உள்ள ஒண்ணுமே இல்லை. மூடிக்கிட்டு வந்துட்டேன்."

உடையப்பர் கதிரேசனைப் பார்த்தார். அவன் அடிவாரக் கொட்டகையில் படித்தவன். பரிசல்காரர் மகளைத் தெரியுமா என்று கேட்டார்.

கதிரேசனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கொட்டகைக்கு வெளியே, தட்டி ஓரமாக நின்று கேட்பாள் என்றான். அக்கரையில் வைத்தியர் கிடையாது, இங்கே கொண்டுவருவதற்குள் பாதிப் பேர் பரிசலிலேயே போய்விடுகிறார்கள், அதனால் எப்படியாவது படித்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பாள் என்றான். மூன்று தடவையும் ஒரே ஒரு மணியில் போனவள் என்றான்.

"பேர் என்னடா?"

"ஒத்தைமணின்னு கூப்பிடுவோம் சாமி."

"அவங்க அப்பன் வச்ச பேரைக் கேட்டேன்."

கதிரேசன் விழித்தான். பிறகு அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"ஆத்தோரத்துச் சனங்க பொண்ணுக்கு வைக்கிறது நாலே பேருதான் சாமி. பொன்னி, மாதம்மா, செல்லாயி, ஆண்டியம்மா. ஏதாவது ஒண்ணைச் சொல்லிப் பாருங்க. நாலுல ஒண்ணு பட்டுடும்."

அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே உதவத்தான் பார்த்தான்.

அதைவிடக் கேவலம், உடையப்பர் ஒரு கணம் அந்த நான்கு பெயரையும் மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். எது பொருத்தமாக இருக்கும் என்று யோசித்தார்.

மங்கையம்மை அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணே," என்று எழுந்தார்.

மூவரும் வாசலுக்கு வந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் தேர்வு தொடங்கப்போகிறது என்று நினைத்து உடையைச் சரிசெய்துகொண்டார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு பதில்களை முணுமுணுத்தார்கள். காற்றில் விரல்களை அசைத்துப் பானையைப் பழகிக்கொண்டிருந்தான் ஒருவன்.

மாதையன் எழுந்து நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பெரியவர்கள் முன்னால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரோ பழக்கியிருந்தார்கள்.

உடையப்பர் அவரைத் துண்டைத் தோளில் போடச் சொன்னார். அவர் போடவில்லை.

உடையப்பர் வாயைத் திறந்தார். எல்லாருக்கும் ஒரே கேள்விதான் கேட்டோம் என்றார். யாருக்கும் வஞ்சனை இல்லை என்றார்.

"காரணம் வேண்டாம்," என்றார் பின்னாலிருந்து மங்கையம்மை.

உடையப்பர் நிறுத்தினார். வரிசை அமைதியானது.

"எனக்குப் பேர் தெரியலை," என்றார். "கையைத்தான் தெரியும்."

"கை என்ன செஞ்சுது?" என்று கேட்டார் மங்கையம்மை.

உடையப்பருக்கு ஞாபகம் இருந்தது. உள்ளங்கை காய்ப்பு ஏறிய கை. குறுக்கே பரிசல் கயிறு அறுத்த தழும்பு. கடைசிக் கேள்வி. மயங்கி விழுந்தவருக்கு முதலில் எது? சுக்குப் பொடி, மிளகுக் கஷாயம், வெங்காயச் சாறு, குளிர்ந்த தண்ணீர். மற்ற கைகளெல்லாம் சட்டென்று தண்ணீர்ப் பானைக்குப் போயின. இந்தக் கை எந்தப் பானைக்கும் போகவில்லை. நான்கையும் தாண்டி நீண்டது. உள்ளங்கை மேலே திரும்பியது. குன்றிமணி தரையில் விழுந்து உருண்டது. கை அப்படியே நின்றது. பதில் தெரியாமல் தடுமாறுகிறது என்று உடையப்பர் நினைத்தார். நேரம் முடிந்ததும் சேகண்டியை அடித்தார். கை திரைக்குள் போய்விட்டது.

"எப்படி நின்னுது? காட்டுங்க," என்றார் மங்கையம்மை.

உடையப்பர் வலது கையை நீட்டினார். உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பினார். விரல்களைச் சற்றே குவித்தார்.

மாதையன் அந்தக் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்படித்தாங்க பிடிப்பா," என்றார். "பரிசல்ல மயங்கிக் கிடக்கிறவங்க தலையை. அக்கரையிலேருந்து இக்கரை வர்ற வரைக்கும் கையை எடுக்க மாட்டா. தலை தொங்கிடக் கூடாது, மத்ததெல்லாம் அப்புறம்னு சொல்லுவா."

உடையப்பரால் கையை மடக்க முடியவில்லை. வெறும் கைதான். ஆனால் கனத்தது.

கதிரேசன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மடத்துக்குள்ளிருந்து யாரோ ஒரு நோயாளி கஞ்சி கேட்டுக் கூப்பிடுகிற சத்தம் வந்தது.

"ஐயா," என்றார் உடையப்பர். திரை கட்டிய நாளிலிருந்து அந்த வாசலில் அவர் யாரிடமும் அதைக் கேட்டதில்லை. "உங்க மகள் பேர் என்னங்க?"

மாதையன் இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அக்கரையில் ஆட்கள் காத்திருப்பார்கள்.

"அதைக் கேட்டுட்டுப் போகத்தாங்க நான் வந்தேன்," என்றார்.