தேரைக்குப் போர்த்திய பொன்னாடை

தேரையும் தவளையும் ஒரே குளத்தில் குடியிருந்த காலம் ஒன்று இருந்தது. வாயுள்ள உயிரெல்லாம் அப்போது பேசிக்கொண்டிருந்தன. தேரை அண்ணன், தவளை தங்கை. தேரையின் முதுகு நனைந்த கூழாங்கல் போல வழவழவென்று இருக்கும். குரலும் அப்படித்தான். அது பாடினால் மேகம் நின்று கேட்கும், கேட்ட கையோடு பெய்துவிட்டும் போகும்.

ஓர் ஆண்டு நல்ல மழை. குளத்து உயிர்கள் கூடிப் பேசி, சிலந்தியிடம் சொல்லி, பனைநாரும் நூலும் கலந்து ஒரு போர்வை நெய்து, தாழம்பூத் தூளில் தோய்த்துப் பொன்னிறமாக்கித் தேரைக்குப் போர்த்தின. கொக்கு நாலு வார்த்தை புகழ்ந்து பேசியது.

பொன்னாடையைப் போர்த்திய உடனே எடுத்து மடித்து வைத்துக்கொள்வதுதான் முறை. தேரைக்கு அது தெரியவில்லை. கழற்றினால் மரியாதையும் சேர்ந்து கழன்றுவிடும் என்று நினைத்துவிட்டது. தூங்கும்போதும் போர்வை, வெயிலிலும் போர்வை. சாயம் போய்விடுமே என்று குளத்தில் முங்குவதைக்கூட விட்டுவிட்டது.

சித்திரை வந்தது. இலை அசையாத புழுக்கம். தேரைக்கு முதுகு அரித்தது. போர்வைக்குள் கையை விட்டுத் தடவினால் மணல் மணலாக வேர்க்குரு. நடுநடுவே சில பெரிதாகிப் பழுத்தும் இருந்தன. பளபளப்பு போய்விடுமோ என்ற பயத்தில் இலுப்பை எண்ணெயை வழிய வழியப் பூசி, அதன் மேலேயே போர்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டது. வேர்வையும் எண்ணெயும் அடைத்துக்கொண்டு குருக்கள் பெருகின. குருவை மறைக்கப் போர்வை, போர்வையால் இன்னும் குரு.

சேற்றில் கிடந்த எருமை கேட்டது: "என்னப்பா வித்வானே, இந்த வெக்கையில கல்யாண மாப்பிள்ளை கணக்கா உக்காந்திருக்கே?"

"மரியாதைப்பட்டவங்க வெறும் உடம்போட திரிய மாட்டாங்க எருமையக்கா."

"ஆமா, நாத்தம் மட்டும் ஊரெல்லாம் திரியும். இங்க வா, பாப்போம்."

எருமை போர்வையின் ஓரத்தை மூக்கால் தூக்கியது. அதன் கேலி நின்றுபோனது.

"இதைக் கழட்டிக் கடாசு. காலையில ஒரு முங்கு, சாயங்காலம் ஒரு முங்கு போடு. வேப்பிலையை அரைச்சுத் தடவு. நுங்குத் தண்ணி கிடைச்சா அதையும் தடவு. காத்து படப் படத் தானா வத்திடும். ஒண்ணு மட்டும் கேட்டுக்க. கிள்ளிப் பிதுக்காதே. பரவிடும், தழும்பும் நிக்கும்."

"தானா வத்துற வரைக்கும் எப்படிக் காத்திருக்க? நாளைக்கு மழைப்பாட்டாச்சே."

அதுதான் தேரையின் கவலை. மழையைக் கூப்பிடுகிறவர் வெற்று முதுகை வானத்துக்குக் காட்டிப் பாட வேண்டும் என்பது அந்தக் குளத்து வழக்கம். குளமோ வற்றி ஒரு பள்ளத்தில்தான் தண்ணீர் கிடந்தது. அந்தப் பள்ளத்தில் தவளை இட்ட முட்டைகள் கொத்துக் கொத்தாக மிதந்தன. மழை வராவிட்டால் அவை காய்ந்துவிடும்.

"உன் முதுகைப் பாக்கவா அண்ணே எல்லாரும் வராங்க? பாட்டைக் கேக்க வராங்க. குருவோடயே வந்து பாடேன்" என்றது தவளை. "நான் போய் ரெண்டு பூச்சி பிடிச்சிட்டு வரேன். பிள்ளைங்களைக் கொஞ்சம் பாத்துக்க. கொக்கு தலை தெரிஞ்சா ஒரு சத்தம் கொடு."

தங்கை போனதும் தேரை போர்வையை அவிழ்த்தது. பள்ளத்து நீரில் தன் முதுகைத் திரும்பிப் பார்த்தது. பார்க்கச் சகிக்கவில்லை. வளையில் இருந்த நண்டைக் கூப்பிட்டது.

"நண்டு மாமா, உன் கொடுக்கால இதையெல்லாம் கிள்ளி எடுத்துடு."

"எருமை வேணாம்னு சொன்னது என் காதுலயும் விழுந்துச்சே மருமகனே."

"எருமைக்கு முதுகும் ஒண்ணு, சேறும் ஒண்ணு. நீ கிள்ளு."

தேரை பள்ளத்துத் தண்ணீரில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. நண்டு கிள்ளியது. ஒவ்வொரு குருவிலிருந்தும் வெள்ளையாகப் பால் கசிந்து தண்ணீரில் வடிந்தது. அரிப்பு விட்ட சுகத்தில் தேரை கண்ணை மூடிக்கொண்டது. கொக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. கொக்கு வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது அந்தப் பால் பட்ட முட்டைகளெல்லாம் வெளுத்திருந்தன. உள்ளே துடித்துக்கொண்டிருந்த கரும்புள்ளிகளில் ஒன்றுகூட அசையவில்லை.

"நீ சொல்லித்தானேப்பா செஞ்சேன்" என்று முனகிக்கொண்டே நண்டு பக்கவாட்டில் நழுவியது.

தவளை திரும்பி வந்தது. தண்ணீரைப் பார்த்தது. அண்ணன் முதுகைப் பார்த்தது. வாயில் இருந்த பூச்சி கீழே விழுந்தது.

"உன்கிட்டதானே அண்ணே விட்டுட்டுப் போனேன்."

பள்ளத்தில் இறங்கி முட்டைகளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேரைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் எல்லோரும் கூடினார்கள். கிள்ளிய இடமெல்லாம் பரவி, தலைமுதல் இடுப்புவரை குருவாக, தேரை வெற்று முதுகோடு கல்லின் மேல் ஏறியது. யாரும் சிரிக்கவில்லை. தங்கை சொன்னது சரி, பாட்டைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். வாயைத் திறந்தது. கரகரவென்று ஒரு சத்தம் வந்ததே தவிரப் பாட்டு வரவில்லை. வானம் அப்படியே வெளுத்துக் கிடந்தது.

அப்போது பள்ளத்துக்குள்ளிருந்து தவளை குரல் எடுத்தது. அது பாடியதா, அழுததா என்று கேட்டவர்களுக்கே விளங்கவில்லை. மேகம் வந்தது. கொட்டித் தீர்த்தது.

நீர் ஏறியதும் தவளை, "உள்ள வாண்ணே, நனைஞ்சா எரிச்சல் அடங்கும்" என்று கூப்பிட்டது. உண்மையாகத்தான் கூப்பிட்டது.

"இந்த முதுகோட அந்தத் தண்ணியில எப்படிம்மா இறங்குவேன்?" என்று சொல்லிவிட்டுத் தேரை மேட்டில் ஏறி, ஒரு கல்லுக்கடியில் போய் ஒண்டிக்கொண்டது.

தேரைக்கு முதுகெல்லாம் குருவாகிப்போனதும், குளத்தை விட்டு அது கல்லிடுக்கிலும் குடத்தடி ஈரத்திலும் குடியிருக்கத் தொடங்கியதும் அந்த மழையிலிருந்துதான். இப்போதும் மழை பெய்து தவளைகள் சேர்ந்து குரல் எடுத்தால் அது மெல்ல வெளியே வரும். கரைவரை போகும். தண்ணீரில் கால் படாமல் நின்று, கேட்டுவிட்டுத் திரும்பிவிடும்.