புதுப் பானையும் ஒரு சொட்டு எண்ணெயும்

ஊருக்கு ஒரு செக்கும், செக்குக்கு ஒரு மாடும், மாட்டுக்கு ஒரு பெயரும் இருந்த காலம் அது. அப்போது நாட்டை ஆண்ட அரசன் யாரென்று தெரியாது. இந்தக் கதைக்கு அவன் தேவையும் இல்லை. கேட்பவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது சத்தம் போட்டுச் சொல்லும் கதை அல்ல.

கரிசல் காட்டின் நடுவே இருந்த ஓர் ஊரில் எள் ஆட்டி எண்ணெய் எடுக்கும் அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். மூத்தவர் ஆண்டியப்பன், மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லாதவர். இளையவன் சங்கிலி. அவன் மனைவி பேச்சி. அவர்களுடைய ஒரே மகள் பூச்செண்டு.

சங்கிலி எள்ளைக் கொட்டுவான். பேச்சி பிண்ணாக்கை அள்ளுவாள். ஆண்டியப்பன் எண்ணெயை வடிப்பார். செக்கு சுற்றும்போது அதன் பலகைமேல் பாரம் வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு பெரிய கல் இருந்தது. கல்லின் பக்கத்தில் பூச்செண்டும் உட்கார்ந்து சுற்றுவாள்.

"பெரியப்பா, இந்த மாடு தூங்கிக்கிட்டே நடக்குது!"

"நீ பாடுற பாட்டுக்கு நானே தூங்கிருவேன். மாடு என்ன செய்யும் பாவம்!"

அந்தச் சிரிப்பில்தான் அந்த வீட்டில் பொழுது விடியும்.

ஆண்டியப்பனுக்கு எல்லையம்மன்மேல் அளவில்லாத பக்தி. எள் அளக்கும்போது அம்மன் பெயர், மாட்டைப் பூட்டும்போது அம்மன் பெயர், எண்ணெய் வடிக்கும்போதும் அம்மன் பெயர். வருடம்தோறும் அம்மன் கோயில் கொடை விழாவுக்கு முதல் எண்ணெய் அவர்கள் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். பானையின் கழுத்து வரை நிரப்பி, மஞ்சள் துணியால் வாய் கட்டி, சாமி மூலையில் வைப்பார்கள். விழா அன்று ஊர் பார்க்கக் கோயிலில் அதைத் திறப்பார்கள்.

அந்த வருடம் நல்ல மழை, நல்ல எள். "அம்மனுக்குப் பழைய பானையா?" என்று ஆண்டியப்பன் குயவரிடம் போய்ப் புதுப் பானை வாங்கினார்.

"வடிகஞ்சி ஊத்தி ரெண்டு நாள் ஊறவச்சிருங்க அண்ணாச்சி. உங்களுக்கா சொல்லித் தரணும்!" என்றார் குயவர்.

"வீட்டுப் பானைக்கு ஊத்தலாம்யா. சாமி பானையில சோத்துக் கஞ்சியா? கன்னத்துல போட்டுக்கோ!" என்றார் ஆண்டியப்பன்.

பானையைக் கிணற்று நீரில் கழுவி, வெயிலில் காயவைத்தார். கஞ்சியில் ஊறிய பானை என்றே வீட்டில் மற்றவர்கள் நினைத்தார்கள். அவர் பிடித்துக்கொள்ள, சங்கிலி ஊற்ற, பேச்சி விளிம்பைத் துடைத்துத் துணி கட்டினாள்.

விழா நாளில் பூசாரி துணியை அவிழ்த்தார். எண்ணெய் கழுத்தில் இல்லை. நான்கு விரல் கீழே இறங்கியிருந்தது.

கோயில் வாசலில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். அம்மன் எண்ணெயில் கை வைத்தது யார்?

அந்த ஊரில் இப்படிப்பட்ட வழக்குக்கு ஒரு வழி உண்டு. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்தவர் நிரபராதி. தயங்கியவர் திருடர். அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை.

ஆண்டியப்பன் முன்னால் வந்தார். "இந்த எண்ணெயில ஒரு சொட்டுகூட என்னால வெளிய போகலை" என்று சொல்லிக் கற்பூரத்தை அணைத்தார். சங்கிலி வந்தான். அதையே சொன்னான், அணைத்தான். அவர்கள் அறிந்தவரை இருவரும் சொன்னது உண்மை.

பேச்சி வந்தாள். கற்பூரம் எரிந்தது. அவள் கை நீளவில்லை.

பூசாரி ஒரு முறை கூப்பிட்டார். இன்னொரு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது அவள் தலை நிமிர்ந்து பேசினாள்.

"ஒரு சொட்டுகூடன்னு என்னால சொல்ல முடியாது சாமி. விளிம்பைத் துடைச்சப்ப விரல்ல எண்ணெய் ஒட்டுச்சு. பிள்ளை தலை காய்ஞ்சு கிடந்தது. அந்த விரலை அவ தலையில தடவிட்டேன். அவ்வளவுதான்."

கூட்டம் சிரித்தது.

"ஏ அம்மா, உன் விரல்ல நாலு விரக்கடை எண்ணெயா ஒட்டுச்சு?"

"இன்னிக்கு விரல்னு சொல்லுவா. நாளைக்குத்தான் ஒரு படின்னு சொல்லுவா."

பேச்சி ஆண்டியப்பனைப் பார்த்தாள். "அத்தான், நீங்களாவது சொல்லுங்க. பத்து வருஷமா உங்க வீட்டுலதானே இருக்கேன்."

ஆண்டியப்பனுக்கு அவளைத் தெரியும். தன் பங்குப் பிண்ணாக்கில் ஒரு பிடி கூடுதலாக வந்தாலும் திருப்பிக் கொண்டுவந்து வைப்பவள் அவள். ஆனாலும் அம்மன் சன்னதியில் கை நீளாத ஒருத்திக்காகப் பேசுவது அம்மனுக்கே விரோதம் என்று அவருக்குத் தோன்றியது. அவர் அவளைப் பார்க்காமல் தம்பியிடம் சொன்னார்:

"இனிமே அவ கை செக்குல படக் கூடாது. கோயில் வாசலையும் மிதிக்கக் கூடாது."

"அப்போ நாங்க எங்கண்ணே இருக்கிறது?" என்று கேட்டான் சங்கிலி. அண்ணன் சன்னதிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருட்டுத் தீட்டுப் பட்ட பானை என்று அதைக் கோயில் வாசலிலேயே உடைத்தார்கள். உடைந்த ஓடுகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

அந்த வாரமே சங்கிலி மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனான். கடற்கரை உப்பளத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. செக்குப் பலகையில் கல் மட்டும் தனியாகச் சுற்றியது.

மறு வருடமும் கொடை வந்தது. ஆண்டியப்பன் மறுபடியும் புதுப் பானை வாங்கினார். மறுபடியும் கஞ்சி ஊற்றவில்லை. இந்த முறை அவரே நிரப்பினார், அவரே துணி கட்டினார், உள்ளறையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

விழா நாளில் பூசாரி துணியை அவிழ்த்தார். எண்ணெய் நான்கு விரல் கீழே இருந்தது.

"இந்த வருஷம் யாரு குடிச்சா அண்ணாச்சி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஆண்டியப்பன் பானையை மெல்லத் தூக்கினார். அதன் வெளிப்பக்கம் வியர்த்ததுபோல் பிசுபிசுத்தது. அடியில் வட்டமாக எண்ணெய்க் கறை இருந்தது. விரல் நகத்தால் சுரண்டினார். மண்ணுக்குள் எண்ணெய் மினுங்கியது.

புதுப் பானை எண்ணெய் குடிக்கும். கஞ்சியில் ஊறினால்தான் அதன் தாகம் அடங்கும். செக்கு ஆட்டுகிற வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் சாமி பானை மற்றப் பானைபோல் நடக்காது என்று அவர் நம்பியிருந்தார்.

பூசாரி கற்பூரத் தட்டை எங்கே நீட்டுவது என்று தெரியாமல் நின்றார்.

அன்றே ஆண்டியப்பன் ஒரு சிறு கலயத்தில் எண்ணெய் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார். உப்பளத்தின் ஓரத்தில், கீற்றுக் குடிசைக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். உப்புக் காற்றில் அவள் தலைமுடி தேங்காய் நார்போல் செம்பட்டையாகியிருந்தது.

"பெரியப்பா!" என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். "மாடு இப்பவும் தூங்கிக்கிட்டேதான் நடக்குதா?"

அவர் குனிந்தார். கலயத்தைச் சாய்த்து உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி, அவள் தலைக்குக் கொண்டுபோனார்.

பூச்செண்டு சட்டென்று பின்னால் நகர்ந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"வேண்டாம் பெரியப்பா. என் தலையில எண்ணெய் வச்சா அம்மாவைத் திட்டுவாங்க."

அவர் கை அப்படியே நின்றது. எண்ணெய் விரல்களின் வழியே வழிந்து, முழங்கையைத் தொட்டு, உப்பு மண்ணில் சொட்டியது.

பேச்சி வாசலுக்கு வந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"வாங்க அத்தான். அவுக வேலைக்குப் போயிருக்காக."

"பானைதான் குடிச்சிருக்கு தாயி" என்றார் அவர். "பானைதான் குடிச்சிருக்கு. வீட்டுக்கு வந்திருங்க."

பேச்சி உப்பளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் எடுக்கலைன்னு அம்மனுக்கு அன்னிக்கே தெரியும் அத்தான். உங்களுக்கு ஒரு பானை வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கு." பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: "வெயில்ல நடந்து வந்திருக்கீங்க. கஞ்சி இருக்கு. குடிச்சிட்டுப் போங்க."

போங்க என்றுதான் சொன்னாள். இருங்க என்று சொல்லவில்லை.

ஆண்டியப்பன் கஞ்சியைக் குடித்தார். குடித்துவிட்டுத் திரும்பி நடந்தார். அதன் பிறகு ஒவ்வொரு கொடைக்கும் அவர் பானையில் முதலில் வடிகஞ்சியை ஊற்றிவைத்தார். எண்ணெய் கழுத்தை விட்டு இறங்கவே இல்லை. செக்குப் பலகையில் இன்னொரு கல்லையும் ஏற்றி வைத்தார். பாரம் சரியாகத்தான் இருந்தது.

தன் சின்னத் தவற்றை மறைக்காமல் சொல்கிறவரைப் பெரிய குற்றவாளி என்று ஒதுக்கிவிட்டால், எவ்வளவு பக்தி இருந்தாலும் அங்கே நீதி இருக்காது.